அடிக்கு ஒரு நூல்

யார் வீட்டுக்குப் போனாலும் மதினி முதலில் பார்ப்பது கதவின் மூலையைத்தான். "வாங்க, உக்காருங்க" என்று வீட்டுக்காரர்கள் சொல்லி முடிப்பதற்குள் துணிப்பையிலிருந்து ஒரு சின்ன மூலைமட்டத்தை எடுத்துக் கதவு நிலையில் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிடுவார். விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"நிலை ரெண்டு நூலு சாஞ்சிருக்கு தாயி. மத்தபடி வீட்ல எல்லாரும் சௌரியமா?"

தச்சுவேலையில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். இரண்டு நூல் என்பது கால் அங்குலம். கால் அங்குலம் சாய்ந்த நிலையோடு அந்தக் குடும்பம் பத்து வருடம் நிம்மதியாக இருந்திருக்கும். மதினி வந்துபோன பிறகு அவர்களால் அந்தக் கதவை நிம்மதியாகப் பார்க்க முடியாது.

இத்தனைக்கும் மதினி உளி பிடித்தவர் இல்லை. தாராவியில் நான் வேலை பார்த்த மரப்பட்டறை முதலாளியின் வீட்டம்மா, அவ்வளவுதான். முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கம். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அந்த அம்மாள் எனக்கு மதினி ஆனார். என்னைக் கொழுந்தனாரே என்பார். பட்டறை என்று பெரிய வார்த்தை சொல்கிறேனே தவிர, தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மேஜைகள், ஒன்றில் அண்ணாச்சி, மற்றதில் நான். இது அறுபதுகளின் நடுவில். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயதிருக்கும்.

அண்ணாச்சி சொன்னால் மரம் கேட்கும். கடைக்காரன் சொன்னால் அண்ணாச்சி கேட்பார். ஒருமுறை ரம்பம் வாங்கப் போனவர் இரண்டு பூட்டும் ஒரு டஜன் கீலும் ஒரு பெரிய டப்பா சரேஸ் பசையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ரம்பம் எங்க?" என்றார் மதினி.

"ரம்பம் இல்லைன்னுட்டான்."

"அப்பம் இதெல்லாம் என்னத்துக்கு?"

"அவ்வளவு நேரம் பேசிட்டு இருந்தான். சும்மா வர ஒரு மாதிரியா இருந்துச்சு."

அன்றிலிருந்து பட்டறைக்குச் சாமான் வாங்குவது மதினியின் வேலை ஆயிற்று. பேச்சுத் துணைக்கு என்று என்னை அழைத்துப் போவார். அந்நிய ஆளிடம் மணி கேட்பதற்குக்கூட எனக்கு வாய் வராது. என்னைவிட ஒரு மரக்கட்டை நல்ல பேச்சுத் துணையாக இருந்திருக்கும். உண்மையில் அவர் ஒரு மரக்கட்டையும் எடுத்துத்தான் வருவார்.

அது ஓரடி நீளப் பலகை. அண்ணாச்சி இழைத்து ஓர் ஓரத்தை அப்பழுக்கில்லாமல் நேராக்கிக் கொடுத்தது. சயானில் ரயில் ஏறி மஸ்ஜித்தில் இறங்கி நாகதேவித் தெருவுக்குப் போவோம். தெரு முழுக்க இரும்புச் சாமான் கடைகள். மதினி ஒரு கடையில் ஏறி, நாற்காலி போட்டாலும் வேண்டாம் என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, பென்சிலை எடுப்பார்.

"சேட், குனியா திகாவ்."

மூலைமட்டத்துக்குப் பம்பாயில் குனியா என்று பெயர். சேட் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். மதினி அதைப் பலகையின் நேர் ஓரத்தில் அணைத்து ஒரு கோடு இழுப்பார். பிறகு குனியாவைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தால் அது நல்ல குனியா. கவைபோலப் பிரிந்தால் கோணல். புத்தம்புதுச் சாமானிலும் பத்துக்கு ஏழு பிரியும்.

"ஜூட் போல்தா ஹை, சேட்" என்பார். பொய் சொல்லுதாம்.

"அரே பாயி, யே லோஹா ஹை. லோஹா போல்தா நஹி." இது இரும்பு, இரும்பு பேசாது என்பார் சேட்.

"போல்தா ஹை. தும் சுன்தா நஹி." பேசுது, உமக்குத்தான் காது கேக்கல.

இந்த இடத்தில் நான் கடையைவிட்டு இறங்கித் தெருவைக் கடந்து, எதிர்க்கடையில் தொங்கும் கயிற்றுச் சுருள்களை உற்றுப் பார்க்க ஆரம்பிப்பேன். மதினி இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது என்று குனியாக்களைப் புரட்டிக்கொண்டே இருப்பார். வேறு வாடிக்கையாளர்கள் கூடி வேடிக்கை பார்ப்பார்கள். ஒவ்வொரு கோடு பிரியும்போதும் கூட்டம் "அரே" என்னும். நான் பார்த்த பார்வையில் அந்தக் கயிற்றுக்கடைக்காரர் ஒருநாள் தானாகவே இறங்கி வந்து, விலையைக் குறைத்துக்கொள்கிறேன், இனியாவது வாங்கு என்றார்.

இருபது குனியாக்களைச் சோதித்து மதினி ஒன்றை வாங்குவார். ஆனால் நல்லதையும் கோணலையும் தனித்தனியே இரண்டு குவியலாக வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதைக் கலைக்க சேட்டுக்கு மனம் வரவில்லை. அடுத்த தடவை நாங்கள் போனபோது அவர் வேறொரு தச்சரிடம் ஒரு குனியாவை உயர்த்திக் காட்டி, "பாயி நே பாஸ் கியா ஹை!" என்று இரண்டு ரூபாய் கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா தேர்வு செய்ததாம். அன்று மதினிக்கு டீ வந்தது. எனக்கும் ஒன்று தெருவைக் கடந்து கயிற்றுக்கடைக்கே வந்தது.

எனக்கு வெட்கம் தோலோடு ஒட்டியது. மதினிக்கு அது வீட்டில் வைத்துவிட்டு வந்த குடை மாதிரி. தேவைப்படும் என்று எடுத்து வந்ததே இல்லை. பக்கத்துச் சாலில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பில், ஒரு கல்யாணம். அந்த வாரம்தான் நாங்கள் புதிதாக ஒரு ரசமட்டம் வாங்கியிருந்தோம். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி நடுவில் நின்றால் தளம் மட்டம், ஓரத்துக்கு ஓடினால் சாய்வு. பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் உட்கார்ந்தாயிற்று. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மதினி எழுந்து போய் இருவருக்கும் நடுவில் ரசமட்டத்தை வைத்தார்.

"குமிழி பொண்ணு பக்கம் ஓடுது."

"ஓடட்டும்மா, முகூர்த்தம் போகுது" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"அப்படின்னா மாப்பிள்ள பக்கம் பள்ளம். இப்பமே பள்ளத்துல உக்கார வச்சா பெறகு எப்ப எந்திரிக்கிறது?"

பெண் குனிந்த தலையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளைக்கும் பள்ளத்தில் உட்கார்ந்து தாலி கட்ட விருப்பமில்லை. நான்கு பேர் மணவறையை அவர்களோடு சேர்த்துத் தூக்க, நான் கைக்குக் கிடைத்த மரச்சட்டத் துண்டைச் சீவி ஆப்பு வைத்தேன். குமிழி நடுவுக்கு வந்ததும் மதினி ஐயருக்குக் கை காட்டினார். ஐயர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் மதினிக்குக் கவலையே இல்லை என்று தோன்றும். இருந்தது. அண்ணாச்சி சொந்தப் பட்டறை போடுவதற்கு முன் பத்து வருடம் கோவண்டியில் ஒரு காண்ட்ராக்டரிடம் சாமான் அனுப்பும் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஆணியே இல்லாமல் மரத்தை மரத்தோடு பூட்டத் தெரிந்த கை அது. "அந்தக் கையைப் பாத்துட்டுத்தான் எங்க அப்பா எனக்கு இவுகளப் பேசி முடிச்சாரு. ஒரு நாளைக்கு ஆயிரம் ஆணி அடிச்சிட்டு வந்து இவுக சோறு பிசையுதத நான் பாக்கணுமா?" என்று மதினிதான் அவரை அங்கிருந்து மீட்டுக்கொண்டு வந்தார். ஆனால் பட்டறைக்கு வந்ததெல்லாம் முக்காலி, பெஞ்சு, ஒற்றை டிராயர் மேஜை, கோட் மாட்டும் கட்டை. காண்ட்ராக்டர் அவரைத் திரும்பக் கூப்பிட்டு மாதாமாதம் ஆள் அனுப்பினார். தீபாவளிக்குள் உருப்படியாக ஒரு வேலை அமையாவிட்டால் பட்டறையை மூடிவிட்டுக் கோவண்டிக்கே போய்விடுவது என்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார். அவர் சொல்லாமலே எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் மாதுங்காவிலிருந்து அந்த வேலை வந்தது. ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்குப் படம் வரையும் உத்தியோகஸ்தர். பழைய கட்டடம், நடுவே முற்றம், இரண்டு பக்கமும் இரண்டு படிக்கட்டு, மொத்தம் பதினாறு வீடு. எல்லா வீட்டிலும் கூடத்துச் சுவரில் ஓர் ஆள் கால் மடக்கிப் படுக்கும் அகலத்துக்கு ஒரு மாடம் விட்டிருந்தார்கள். அதற்குள் பொருந்துகிற மாதிரி மேலே புத்தக அலமாரி, கீழே எட்டு டிராயர், எல்லாம் தேக்கில் வேண்டும் என்றார்.

"நன்னா அமைஞ்சுதுன்னா இங்க இருக்கற அத்தனை பேரும் செஞ்சுப்பா. ஆனா ஒண்ணு. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவுல ஒரு நூலுக்கு மேல இடைவெளி தெரியப்படாது. தெரிஞ்சா எடுத்துண்டு போயிடுங்கோ."

அண்ணாச்சி தம் மடக்குக்கோலால் அளந்தார். மிகச் சரியாக ஐந்தடி. ஒரு துண்டுப் பலகையில் அதை எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது அவர் முகம் தெளிவாக இல்லை. "நம்ம சாமான வச்சிக்கிட்டு ஒரு நூல் சுத்தமா எப்படிச் செய்ய?" என்றார். நியாயம்தான். பட்டறையில் மூன்று மடக்குக்கோல் இருந்தது. அவருடையது, என்னுடையது, பட்டறைக்குப் பொதுவில் ஒன்று. மூன்றும் மரம். நுனி தேய்ந்து, மடக்கும் இடம் லொடலொடத்துக் கிடந்தது.

"அப்பம் சாமான் வாங்கிருவோம்" என்றார் மதினி. தீபாவளிக்குத் துணி எடுக்கலாம் என்று சொன்னால்கூட வேறொருவர் முகம் அப்படி மலராது.

மூன்று நாள் அலைந்தோம். கவராயம் வாங்கினோம். மரத்தின் ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறும் கட்டை ஒன்று வாங்கினோம். அந்தக் கட்டையைச் சோதிப்பதற்காக மதினி கடைக்காரரின் கல்லாப்பெட்டி மூடியிலேயே கோடு கீறிவிட்டார். "எம்புட்டு நேரா இருக்கு பாத்தீரா?" என்று அவரிடமே காட்டினார். கிடைக்காமல் போனது ஸ்கேல் ஒன்றுதான். சர்க்கார் மீட்டருக்கு மாறச் சொல்லியிருந்த காலம். புதுக்கடைகளில் எல்லாம் மீட்டர் கோல். அண்ணாச்சியின் தலைக்குள் அடியும் அங்குலமும் தவிர வேறெதுவும் நுழையாது. அங்குல ஸ்கேல்களெல்லாம் பழைய சாமான் விற்கும் சோர் பஜாருக்குப் போய்விட்டன என்று சேட் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அங்கே போனோம். கதவுக் குமிழ்கள், உடைந்த கிராமபோன், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. இரண்டடி நீளம். கனமான எஃகு. மதினி சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்கக் கோடுகள் தலைமயிர் மாதிரி எழுந்து வந்தன. பின்பக்கம் இங்கிலீஷ் எழுத்துகள் அடித்திருந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். ஒன்றாக நின்றால் தெரியாது.

"பாத்தியா கொழுந்தனாரே, பேரு அடிச்சிருக்கான். பேரு போட்டுச் செய்யுதவன் ஏமாத்த மாட்டான்."

வாழ்க்கையில் முதல்தடவையாக மதினி ஒரு சாமானைச் சோதிக்காமல் வாங்கினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குனியாவைப் புரட்டிப் போடலாம். ரசமட்டத்தைத் திருப்பி வைக்கலாம். ஸ்கேலை எதன்மேல் புரட்டுவது?

பட்டறைக்கு வந்ததும் அண்ணாச்சியின் மடக்குக்கோலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டடியில் மரக்கோல் இரண்டு நூல் குட்டை. என் கோலை வைத்தோம். இரண்டு நூல் குட்டை. மூன்றாவதும் அப்படியே.

மதினி கைதட்டிக் குதித்தேவிட்டார். "இதான சங்கதி! ரெண்டு வருசமா நம்ம டிராயரெல்லாம் ஏன் இறுகுச்சுன்னு இப்பம் விளங்குதா? மூணும் களவாணி!" என்று மூன்று கோலையும் பொறுக்கிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டார். அன்று அவர் அந்தப் புது ஸ்கேலுக்குத் துணியில் உறை தைத்து, ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு பூவும் போட்டார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. தேய்ந்த கோல் மூன்றும் மூன்று விதமாக அல்லவா தேய வேண்டும்? மூன்றும் பேசி வைத்ததுபோல அதே இரண்டு நூல் எப்படிக் குறையும்? தப்பு மூன்றிலா, ஒன்றிலா? இந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது. அடுப்பின் முன்னால் மதினி ஏதோ பாட்டை முனகியபடி ஸ்கேலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் விழுங்கிவிட்டேன். மூன்று வாரம் தினமும் விழுங்கினேன்.

அலமாரி அருமையாக வந்தது. எல்லாம் ஒரே ஸ்கேலில் அளந்ததால் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றோடு பொருந்தியது. டிராயரை ஒரு விரலால் தள்ளினால் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தத்தோடு உள்ளே போயிற்று. அண்ணாச்சி எட்டு டிராயரையும் மாறி மாறித் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அலமாரியைக் கைவண்டியில் கட்டி மாதுங்காவுக்குக் கொண்டு போனோம். வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் நாங்களுமாக இரண்டாவது மாடிக்கு ஏற்றினோம். ஞாயிறு என்பதால் கட்டடமே படியில் நின்று பார்த்தது. கூடத்துக்குள் கொண்டுபோய் மாடத்தின் முன் நிறுத்தி, அண்ணாச்சி "ம்" என்றதும் தள்ளினோம்.

நுழையவில்லை.

சாய்த்துத் தள்ளினோம். தூக்கித் தள்ளினோம். வண்டிக்காரர்களில் ஒருவர் தோளால் இடித்தார். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அவ்வளவுதான்.

மதினி உறையிலிருந்து ஸ்கேலை எடுத்து மாடத்தை அளந்தார். நாலடி பதினோரு அங்குலம், மூன்று நூல். அண்ணாச்சி அளவு எழுதி வைத்த துண்டுப் பலகையைப் பார்த்தார். ஐந்தடி.

"சார், உங்க சுவரு சுருங்கிட்டு."

"சுவர் எப்படிம்மா சுருங்கும்?" என்று படம் வரைபவர் உள்ளே போய்த் தம் ஆபீஸ் ஸ்கேலை எடுத்து வந்து அளந்தார். "அஞ்சடி. அப்படியேதான் இருக்கு."

அண்ணாச்சி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் பார்க்காமல், "நாளைக்குக் கோவண்டிக்குப் போறேன்" என்றார். தண்ணீர் வேண்டும் என்று கேட்பது மாதிரி அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அதைக் கேட்டதும் என் வாய் திறந்துகொண்டது. "மதினி, அந்த மூணு கோலும் தப்பில்ல. மூணும் ஒண்ணு போலயே இருந்துச்சு. இந்த ஸ்கேலுதான் நீளம். எனக்கு அன்னைக்கே தோணுச்சு."

மதினி என்னைப் பார்த்தார். படியில் நின்ற முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். எதிரே ஒரு கயிற்றுக்கடை இருந்திருந்தால் நான் அங்கே போயிருப்பேன்.

"ஏம்ல சொல்லல?"

"நீங்க சந்தோசமா இருந்தீக."

அதற்குள் படம் வரைபவர் எங்கள் ஸ்கேலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பின்பக்க எழுத்தைப் படித்ததும் அவர் புருவம் மேலே போயிற்று. "இதை எங்கே பிடிச்சேள்? இது தச்சுவேலை ஸ்கேலே இல்லை. வார்ப்படப் பட்டறைக்காரா வச்சுக்கறது" என்றார்.

மதினிக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றினால் ஆறும்போது அது சுருங்கும். அதனால் அச்சுக்காகச் செய்யும் மர உருவத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். "ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுண்டிருக்க முடியுமோ? அதனால ஸ்கேலையே நீட்டிப்பிட்டான். அடிக்கு ஒரு நூல்."

நான் மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக அதில் வெட்கத்தைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் ஸ்கேலைத் திரும்ப வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் இது பொய் சொல்லலியா?"

"இல்லை. நெஜம்தான் சொல்றது. இரும்புக்கு."

"யம்மாடி!" என்றார் மதினி. "இரும்பு சுருங்கும்னு ஒருத்தன் உக்காந்து ஸ்கேல இழுத்து வச்சிருக்கான் பாத்தீகளா! எம்புட்டுக் கெட்டிக்காரப்பய!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலமாரியின் மேலேயே சாய்ந்து சிரித்தார். "எல்லாவனையும் பொய்யன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். மூணு உத்தமனத் தூக்கி அடுப்புல போட்டுட்டனே! தப்பு எம்பேர்ல சார். இவுக கையில தப்பில்ல, ஸ்கேல் மேலயும் தப்பில்ல. வாங்கினது நானு." படியில் நின்றவர்களுக்கும் சிரிப்பு தொற்றியது. படம் வரைபவர் மட்டும் பாதி சிரித்து நிறுத்திக்கொண்டார்.

"அதெல்லாம் சரிம்மா. அலமாரியை நான் என்ன பண்றது?"

"எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

"ஒரு மணி நேரத்துல அலமாரி சுருங்கிடுமா?"

"அலமாரி சுருங்காது சார். சுவரப் பெருசாக்குதேன்."

வண்டியில் அலமாரிக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த நீளக் கம்புகளில் மூன்றை எடுத்து வரச் சொன்னார். ஒன்றைப் படம் வரைபவரின் மாடத்துக்குள் வைத்து, அதே நீளத்துக்கு என்னை அறுக்கச் சொன்னார். "இது உங்களுக்கு. பதினஞ்சு நாள்ல இந்தக் கம்புக்குச் செஞ்சு தாரோம்." மற்ற இரண்டையும் அலமாரியின் முதுகில் வைத்து, அலமாரியின் அகலத்துக்கே அறுத்தோம். ஸ்கேலைத் தொடவே இல்லை.

"நான் எத்தன நிலை பாத்திருக்கேன்! ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருந்ததே இல்ல" என்றார். "பதினாறு மாடத்தையும் கொத்தனாரு ஒரே மாதிரியாவா கட்டியிருப்பாரு? இந்த அலமாரிக்குன்னு ஒரு சுவரு இங்கதான் எங்கயோ இருக்கு. இந்தப் பக்கம் ஏழு வீடு நான் பாக்கேன்." கம்பை என் கையில் கொடுத்தார். "முத்தத்துக்கு அந்தப் பக்கம் எட்டு வீடு. நீ போ."

"நானா?"

"மூணு வாரம் வாய மூடிட்டு இருந்தேல்லா? அதுக்குத்தான்."

ஐந்தடிக்கு மேல் நீளமான கம்போடு முன்பின் தெரியாத வீட்டுக் கதவின் முன் நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மனதுக்குள் ஒரு முழு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். கதவைத் திறந்த மாமியைக் கண்டதும் அது போய்விட்டது. கம்பைக் காட்டினேன். "ஒட்டடையெல்லாம் நாங்களே அடிச்சுப்போம்" என்று சாத்திவிட்டார். மறுபடி தட்டினேன். நானா தட்டினேன் என்று எனக்கே ஆச்சரியம். "சுவர்" என்றேன். உள்ளே விட்டார். கம்பு நுழையவில்லை.

அடுத்த வீட்டில் ஓர் அங்குலம் லொடலொடத்தது. அதற்கடுத்த வீட்டில் மாடம் முழுக்கச் சாமி படம். நான் தயங்க, அந்த வீட்டு அம்மா கம்பை வாங்கித் தாமே உள்ளே விட்டுப் பார்த்து, "நுழையலையே, பாவம்" என்று என் கையில் ஒரு வாழைப்பழத்தையும் கொடுத்தார். பழத்தைத் தின்றுகொண்டே அடுத்த கதவைத் தட்டினேன். ஐந்தாவது வீட்டுக்குள் நான் பேசிக்கொண்டே போனேன். ஆறாவதில் என்னவென்று விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வார்ப்பட ஸ்கேலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவதும் இல்லை. முற்றத்துக்கு எதிரே பார்த்தேன். மதினி மேல்மாடியில் ஒரு வீட்டிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார். அவருடைய ஏழும் முடிந்துவிட்டது. கீழே கைவண்டியின் பக்கத்தில் அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

எட்டாவது வீடு மூன்றாவது மாடி மூலையில். பாதி முகத்தில் சவர சோப்போடு ஒருவர் கதவைத் திறந்தார். "சார், ஒரே நிமிசம், சுவத்துல ஒரு அளவு" என்று அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். மாடத்தில் குடைகளும் பழைய பேப்பர் கட்டும் மடித்த தொட்டிலும் கிடந்தன. அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கம்பை வைத்தேன்.

போயிற்று. ஆட்டினேன். ஆடியது. ஒரே ஒரு நூல்.

தாழ்வாரத்துக்கு ஓடி வந்து, "மதினீ!" என்று கத்தினேன். முற்றத்துப் புறாக்கள் அத்தனையும் எழும்பின. இரண்டு பக்கமும் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன.

"என்னல?" என்று எதிர்ப் பக்கத்திலிருந்து மதினி கம்பை ஈட்டி மாதிரி தூக்கினார்.

"நுழைஞ்சிட்டு! ஒரு நூலுதான் ஆடுது!"

"ஏ, அவுகள ஏத்தச் சொல்லுங்க! இங்கன இருந்து எறக்கி அங்கன ஏத்தச் சொல்லுங்க!"

என் முதுகுக்குப் பின்னால் சோப்பு முகம் கேட்டது: "யாருப்பா நீ? என்னத்தை ஏத்தப் போறேள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி நின்று, மூச்சு வாங்க, "அலமாரி சார். தேக்கு. எட்டு டிராயர், ஒத்த விரலால தள்ளலாம். உங்க சுவத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். வேணுமா சார்?" என்று கேட்டேன்.

அவர் மாடத்தில் கிடந்த குடைகளைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏண்டி, அலமாரி வேணுமான்னு கேக்கறான்" என்றார்.

"வேண்டாம்னு சொல்லித்தான் பாருங்கோளேன்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் மீதிச் சவரத்தை முடித்துக்கொண்டு வருவதற்குள் படியில் கனத்த காலடிகள் கேட்கத் தொடங்கின. அவற்றுக்கு முன்னால் அண்ணாச்சியின் குரல் ஏறி வந்துகொண்டிருந்தது. "மெல்ல, மெல்ல. மூலை இடிச்சிராம."